நீர், செல், அசைவு – ஒரு பொறியாளனின் வரலாற்றுக் குறிப்பு



மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது, "உன் துறையைப் பத்தி எழுதுப்பா" என்றுதான் சொன்னார்கள். பம்ப், வால்வு, பைப்லைன் என்பதே என் துறை. அதைப் பற்றி எழுதினால் பாதிப்பேர் பக்கத்தைப் புரட்டிவிட்டு குரூப் போட்டோவைப் பார்க்கப் போய்விடுவார்கள் என்று தெரியும். அதனால் வேறொரு பம்ப் நிலையத்தைப் பற்றி எழுதுகிறேன். அது நம் ஒவ்வொருவரிடமும் இருக்கிறது. இராப்பகலாக ஓடுகிறது. அதற்கு ஷட்டவுன் கிடையாது. ஆம், நம் உடம்புதான்!

இந்தத் தலைப்பை எடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. நம் சந்திப்புகளில் பேச்சு எப்படி மாறி வந்திருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். முதலில் வேலை, பிறகு கல்யாணம், அதன் பிறகு வீட்டுக் கடன். இப்போது? "அப்பாவுக்கு ஸ்ட்ரோக்டா", "அம்மா பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாங்க", "மாமனார் ரெண்டு மாசமா படுக்கைதான்." முப்பதைத் தாண்டிய நம் எல்லார் வீட்டிலும் படுக்கையில் ஒருவர் இருக்கிறார், அல்லது இனி இருக்கப் போகிறார். உடம்பில் நீர் குறைந்தால் என்ன ஆகிறது, ஒரு செல் எப்படிக் காயப்படுகிறது, அசையாமல் கிடந்தால் உடம்பு என்ன பாடுபடுகிறது என்ற மூன்றையும் மனிதன் எப்படிக் கற்றான் என்பது பெரிய வரலாறு. அதில் நம் தமிழ்நாட்டுக்கும் பெருமைப்படத்தக்க பங்கு இருக்கிறது. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

உடம்புக்குள் ஒரு நீரேற்று நிலையம்

எழுபது கிலோ எடையுள்ள ஆண் ஒருவரின் உடம்பில் சுமார் 42 லிட்டர் தண்ணீர் இருக்கிறது. அதில் மூன்றில் இரண்டு பங்கு செல்களுக்கு உள்ளே; மீதி வெளியே. இரத்தத்தின் நீர்ப்பகுதி என்று பார்த்தால் சுமார் 3 லிட்டர்தான். இந்த மூன்று லிட்டரைக் கொண்டுதான் இதயம் என்னும் பம்ப் ஊர் முழுக்கச் சப்ளை செய்கிறது.

உள்ளே இருக்கும் நீரும் வெளியே இருக்கும் நீரும் ஒன்றல்ல. செல்லுக்கு வெளியே சோடியம் அதிகம். உள்ளே பொட்டாசியம் அதிகம். இந்த வித்தியாசம் தானாக நிற்காது. இடைவிடாமல் ஒரு பம்ப் ஓடினால்தான் நிற்கும். டென்மார்க்கைச் சேர்ந்த யென்ஸ் ஸ்கூ என்பவர் நண்டின் நரம்பை வைத்து ஆராய்ந்து, 1957-இல் இந்தப் பம்ப்பைக் கண்டறிந்தார். ஒவ்வொரு சுற்றிலும் மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் பம்ப் அது. நாற்பது வருடம் கழித்து, 1997-இல், அவருக்கு வேதியியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

நம் ஊர் ஏரிக்கரை மதகுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். மதகில் ஆள் இருந்து பார்த்துக்கொள்ளும் வரை வயலும் பிழைக்கும், ஏரியும் பிழைக்கும். ஆள் தூங்கினால் வயல் மூழ்கும். செல்லின் கதையும் இதேதான். இந்தப் பம்ப்பை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரை முழுக்க இது வரும்.

காலராவும் தந்திக் கம்பியும்

நீர் குறைந்தால் என்ன ஆகும் என்பதை உலகத்துக்குக் கொடூரமாகக் கற்றுக் கொடுத்தது காலரா. 1817-இல் வங்காளத்தில் கிளம்பிய அந்த வாந்திபேதி, கப்பலேறி, ஒட்டகமேறி, 1831-இல் இங்கிலாந்தை எட்டியது. காலையில் நன்றாக இருந்தவர் மாலையில் கண் குழிந்து, தோல் சுருங்கி, நாடி விழுந்து போய்விடுவார். அக்கால வைத்தியர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஏற்கனவே வற்றிப்போன உடம்பிலிருந்து இன்னும் இரத்தத்தை வெட்டி எடுத்தார்கள்!

வில்லியம் புரூக் ஓஷானஸி என்ற இருபத்திரண்டு வயது இளைஞர், நோயாளிகளின் இரத்தத்தைச் சோதித்தார். அதில் நீரும் உப்பும் குறைந்திருப்பதைக் கண்டார். போனதைத் திருப்பிக் கொடுத்தால் என்ன என்று கேட்டார். 1832-இல் ஸ்காட்லாந்தின் லீத் துறைமுகத்தில் டாக்டர் தாமஸ் லட்டா அதைச் செய்து பார்த்தார். உப்புநீரை நேரடியாக இரத்தக் குழாயில் ஏற்றினார். செத்தவர்போல் கிடந்த சிலர் எழுந்து உட்கார்ந்தார்கள். இன்று நாம் "குளுக்கோஸ் பாட்டில் ஏத்துறாங்க" என்று சொல்கிறோமே, அதற்கு மூலம் அதுதான். ஆனால் கிருமிநீக்கம் தெரியாத காலம். ஒருமுறை ஏற்றினால் போதாது, தொடர்ந்து ஏற்ற வேண்டும் என்பதும் எல்லாருக்கும் விளங்கவில்லை. லட்டாவும் மறு ஆண்டே இறந்தார். நல்ல சிகிச்சை பல பத்தாண்டுகள் கிடப்பில் போனது.

அந்த ஓஷானஸி பிறகு என்ன ஆனார்? கிழக்கிந்தியக் கம்பெனியின் டாக்டராகக் கல்கத்தாவுக்கு வந்தார். 1839-இல் அங்கே தந்திக் கம்பி கட்டிச் சோதனை செய்தார். 1850-களில் கல்கத்தா, ஆக்ரா, பம்பாய், சென்னை நகரங்களை இணைத்த இந்தியத் தந்தியைக் கட்டியவர் அவரேதான்! டாக்டரும் என்ஜினியரும் ஒரே ஆளாக இருந்த அதிசயம். நம் எலக்ட்ரானிக்ஸ் நண்பர்கள் அவருக்கு ஒரு வணக்கம் போடலாம்.

அதன் பிறகு கதை இந்திய மண்ணிலேயே நடக்கிறது. 1953-இல் கல்கத்தாவில் ஹேமேந்திரநாத் சட்டர்ஜி, ஊசியில்லாமல் வாய்வழியாகவே உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைக் கொடுத்துக் காலரா நோயாளிகளைத் தேற்றியதை எழுதினார். 1959-இல் அதே கல்கத்தாவில் சம்புநாத் டே, காலராக் கிருமி வெளியிடும் நச்சுதான் குடலிலிருந்து நீரைக் கொட்டச் செய்கிறது என்று நிரூபித்தார். மறு ஆண்டில் ராபர்ட் கிரேன் குடல் சுவரில் ஒரு விசேஷ வாசல் இருப்பதை விளக்கினார். அந்த வாசலில் சோடியமும் குளுக்கோஸும் ஜோடியாகத்தான் நுழையும். அவை நுழைந்தால் தண்ணீரும் பின்னால் வரும். உப்போடு சர்க்கரை ஏன் சேர்க்கிறோம் என்பதற்கு இதுதான் விடை. ருசிக்காக அல்ல!

1971, வங்கதேசப் போர். எல்லையோரப் பன்காவ் முகாமில் அகதிகள் கூட்டம் கூட்டமாகக் காலராவுக்குப் பலியாகிக்கொண்டிருந்தார்கள். சலைன் தீர்ந்துவிட்டது. டாக்டர் திலீப் மஹலானபீஸ், உப்பு, சோடா உப்பு, குளுக்கோஸ் மூன்றையும் பொட்டலம் கட்டி, டிரம்மில் கரைத்து, நோயாளிகளின் சொந்தக்காரர்களையே குடிப்பாட்டச் சொன்னார். நூற்றுக்கு முப்பது என்று இருந்த சாவு நூற்றுக்கு நான்குக்கும் கீழே இறங்கியது. அவர் 2022-இல் மறைந்தார். மறு ஆண்டு பத்மவிபூஷண் விருது அவருக்கு அறிவிக்கப்பட்டது.

நம் பக்கத்துக் கதையும் இதில் உண்டு. 1992-இல் காலராக் கிருமியின் புத்தம்புது வகை ஒன்று முதலில் சென்னையில் தலைகாட்டியது. ஓ-139 என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். 2000-இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் டாக்டர் பி.எஸ். ராமகிருஷ்ணா குழுவினர், எளிதில் செரிக்காத ஒருவகை மக்காச்சோள மாவுச்சத்தை ஓ.ஆர்.எஸ். கரைசலில் சேர்த்தால் பேதி சீக்கிரம் நிற்கிறது என்று காட்டினார்கள். வயிறு போனால் கஞ்சி கொடுக்கும் நம் பாட்டிமார் வழக்கத்தை நினைத்துக்கொண்டேன். கஞ்சி கொடுத்தவர்களுக்குக் காரணம் தெரியாது. ஆனால் கை தெரிந்திருந்தது.

இன்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, ஒரு லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சோடியம் சிட்ரேட் 2.9 கிராம். பாக்கெட் இல்லாத அவசரத்துக்கு ஒரு லிட்டர் சுத்தமான நீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் போதும். உப்பு கூடிப்போனால் ஆபத்து. "கண்ணளவு" என்று போடாதீர்கள், அளந்து போடுங்கள்.

பர்னஸ் பக்கத்தில் நிற்பவர்கள்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ரோலிங் மில்லிலும் பவுண்டரியிலும் வேலை பார்க்கும் நம் பசங்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். சூட்டில் கடுமையாக உழைத்தால் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் அல்லது அதற்கு மேலும் வேர்வை போகும். வேர்வையோடு உப்பும் போகும். 1923-இல் இங்கிலாந்தில் கே. நெவில் மாஸ் என்பவர், ஆழமான நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரும் கடுமையான தசைப்பிடிப்பை ஆராய்ந்தார். அவர்கள் தண்ணீர் குடிக்காமல் இல்லை, நிறையவே குடித்தார்கள். உப்பு இல்லாத வெறும் தண்ணீராகக் குடித்ததுதான் கோளாறு. கொஞ்சம் உப்புச் சேர்த்ததும் பிடிப்பு குறைந்தது.

சித்திரை வெயிலில் செங்கல் சூளைக்கும் வயலுக்கும் போகிறவர்கள் காலையில் நீராகாரம் குடித்துவிட்டு, மதியம் உப்புப் போட்ட நீர்மோர் குடிப்பார்கள். மாஸ் சொன்னதைத்தான் அவர்கள் செய்கிறார்கள். ஷிப்ட் இன்சார்ஜாக இருக்கும் நண்பர்கள் வாட்டர் கூலர் வைத்ததோடு கடமை முடிந்தது என்று இருந்துவிட வேண்டாம். நிழல், இடைவேளை, உப்புள்ள பானம் மூன்றும் வேண்டும். இரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் உப்பு விஷயத்தில் டாக்டரைக் கேட்டுச் செய்யட்டும். ஒருவர் பேச்சு குழறினால், நடை தள்ளாடினால், அது வெறும் களைப்பு அல்ல. உடனே நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பை நனைத்து, விசிறி, 108-க்குப் போன் செய்ய வேண்டும். நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. 2024-இல் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவே அறிவித்தது என்பதை மறந்துவிடாதீர்கள்.

செல் எப்படிச் சாகிறது?

நோய் என்பது உடம்பு முழுக்கப் பரவிய ஏதோ கெட்ட நீர் என்று நெடுங்காலம் நம்பினார்கள். 1858-இல் ஜெர்மனியின் ருடால்ப் விர்ஷோ, நோய் தொடங்குமிடம் செல்தான் என்று ஓங்கிச் சொன்னார். மெஷின் நின்றால் எந்த பேரிங் போனது என்று தேடுகிறோமே, அந்தப் பார்வையை மருத்துவத்துக்குக் கொண்டுவந்தவர் அவர்.

இரத்த ஓட்டம் நின்ற செல்லில் நடப்பதை ஒரு பிரேக்டவுன் ரிப்போர்ட் போலவே எழுதலாம். ஆக்சிஜன் வரவில்லை. எரிபொருள் உற்பத்தி விழுகிறது. நாம் முன்பு பார்த்த பம்ப் நிற்கிறது. சோடியம் உள்ளே புகுகிறது, கூடவே தண்ணீரும். செல் வீங்குகிறது. பொட்டாசியம் வெளியே கசிகிறது. பிறகு கால்சியம் உள்ளே பாய்ந்து, செல்லின் சொந்த நொதிகளையே கிளப்பிவிட, செல் தன்னைத்தானே தின்ன ஆரம்பிக்கிறது. ஒரு கட்டம் வரை சப்ளை திரும்பினால் செல் பிழைக்கும். அதைத் தாண்டினால் பிழைக்காது. மூளைக்கு அந்தக் கெடு சில நிமிடங்கள்தான். இதயத் தசைக்கு அரை மணி போல. கை கால் தசைக்குச் சில மணி நேரம்.

இதை உலகம் கண்ணால் பார்த்தது 1940-41-இல், லண்டன் மீது குண்டு விழுந்தபோது. இடிபாட்டில் காலோ கையோ பல மணி நேரம் நசுங்கிக் கிடந்தவர்களை மீட்டார்கள். முதலில் நன்றாகவே பேசினார்கள். சில நாளில் சிறுநீர் நின்று இறந்துபோனார்கள். 1941-இல் டாக்டர் எரிக் பைவாட்டர்ஸ் இந்தக் கோலத்தை விவரித்தார். நசுங்கிய தசையிலிருந்து கசிந்த பொருள்கள் சிறுநீரகத்தை அடைத்துவிடுகின்றன; கசிந்த பொட்டாசியம் இதயத்தையே நிறுத்திவிடக்கூடும். அதனால்தான் இன்று நிலநடுக்க மீட்புப் பணியில், பாரத்தைத் தூக்குவதற்கு முன்பே சலைன் ஏற்றத் தொடங்க வேண்டும் என்கிறார்கள். நீரும், செல்லும், அசையாமையும் ஒரே ஆளிடம் ஒன்றுகூடும் இடம் இது.

பாரம் பெரிதாக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. நம் உடம்பின் பாரமே போதும். 1930-இல் லாண்டிஸ் என்பவர் விரல்நகத்து நுண்குழாயில் இரத்த அழுத்தத்தை அளந்தார். அதன் நுழைவில் சுமார் 32 மி.மீ. பாதரசம் இருந்தது. 1959-இல் மைக்கேல் கோசியாக், அழுத்தமும் நேரமும் சேர்ந்து தசையை எப்படிக் கொல்கின்றன என்று விலங்குகளில் காட்டினார். அதிக அழுத்தம் கொஞ்ச நேரம் இருந்தாலும், குறைந்த அழுத்தம் அதிக நேரம் இருந்தாலும் கேடு ஒன்றுதான். அழுத்தம் என்றால் விசையைப் பரப்பால் வகுப்பது என்று முதல் வருடமே படித்தோம். மெத்தையில் மல்லாந்து கிடப்பவரின் பாரம் இடுப்பின் பின்னெலும்பிலும் குதிகாலிலும் குவிகிறது. ஆரோக்கியமானவர் தூக்கத்திலேயே புரண்டுவிடுவார். புரள முடியாதவருக்கு அந்த இடம் உள்ளிருந்து சாகத் தொடங்குகிறது. தோலில் சிவப்பு தெரியும்போது உள்ளே சேதம் முன்பே நடந்திருக்கலாம். அதுதான் படுக்கைப்புண்.

படுக்கை மருந்தாக இருந்த காலம்

"படுத்து ரெஸ்ட் எடு" என்பது எல்லா நோய்க்கும் மருந்தாக இருந்த காலம் ஒன்று உண்டு. முதுகுத்தண்டு முறிந்தவர்களை அப்படியே கிடத்தினார்கள். படுக்கைப்புண்ணிலும் சிறுநீர்த் தொற்றிலும் பெரும்பாலோர் சில மாதங்களிலோ ஓரிரு வருடங்களிலோ இறந்தார்கள்.

1944-இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில், ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த டாக்டர் லுட்விக் குட்மன் இதை ஏற்க மறுத்தார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும்கூட, ஒவ்வொரு நோயாளியையும் புரட்டிப் படுக்க வைக்கச் சொன்னார். பிறகு உட்காரச் சொன்னார். பிறகு விளையாடச் சொன்னார். 1948 ஜூலை 29, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், அவருடைய மருத்துவமனைப் புல்தரையில் 16 பேர் சக்கர நாற்காலியில் இருந்து அம்பெய்தார்கள். அதுதான் இன்றைய பாராலிம்பிக்கின் விதை. 1972-இல் ஹைடல்பர்க்கில், 1965 போரில் குண்டடிபட்ட நம் ராணுவ வீரர் முரளிகாந்த் பேட்கர் நீச்சலில் தங்கம் வென்றது அந்த மரத்தின் கனி.

1947-இல் ரிச்சர்ட் ஆஷர் என்ற டாக்டர், படுக்கையின் ஆபத்துகளை உறுப்பு உறுப்பாகப் பட்டியல் போட்டு எழுதினார். நுரையீரலில் சளி தேங்கும்; காலில் இரத்தம் உறையும்; எலும்பின் கால்சியம் சிறுநீரில் போகும்; மூட்டு இறுகும்; மலம் கட்டும்; மனம் சோரும். 1966-இல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் இருபது வயது வாலிபர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையில் வைத்துப் பார்த்தார்கள். உடலின் ஆக்சிஜன் பயன்படுத்தும் திறன் நான்கில் ஒரு பங்குக்கு மேல் விழுந்தது. முப்பது வருடம் கழித்து அதே ஐந்து பேரை மறுபடி சோதித்தார்கள். முப்பது வருட வயோதிகம் செய்த கேட்டைவிட, அந்த மூன்று வார படுக்கை செய்த கேடு அதிகமாக இருந்தது! ரீயூனியனுக்கு வந்து "வயசாயிடுச்சுடா" என்று சொல்லும் நண்பர்கள் கவனிக்கவும்.

எங்கள் ஆயாவுக்கு இடுப்பெலும்பு முறிந்தபோது நான் பள்ளிப் பையன். "எலும்பு கூடுற வரைக்கும் ஆடக் கூடாது, அசையக் கூடாது" என்று ஊரே சொன்னது. அன்பினால் சொன்னார்கள். ஆயாவும் அசையவில்லை. எலும்பு கூடிய பிறகும் அவங்க எழுந்திருக்கவே இல்லை. இன்று இடுப்பெலும்பு அறுவை சிகிச்சை முடிந்தால் மறுநாளே எழுந்து நிற்க வைக்கிறார்கள். பல வீடுகளில் சொந்தக்காரர்கள் பதறுகிறார்கள். பதற வேண்டாம். அந்த ஒருநாளுக்குப் பின்னால் இத்தனை வரலாறு இருக்கிறது.

வேலூரில் ஒரு டாக்டர்

இப்போது நம் வேலூருக்கு வருவோம். 1946-இல் சி.எம்.சி.க்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கை கால் விரல்கள் ஏன் அழிகின்றன என்று ஆராய்ந்தார். நோய் விரலைத் தின்கிறது என்றுதான் உலகம் நம்பியது. அவர் கண்டது வேறு. நோய் நரம்பைக் கெடுத்து வலியை எடுத்துவிடுகிறது. வலி தெரியாததால் சூடான பாத்திரத்தைப் பிடிக்கிறார்கள். ஒரே இடத்தில் அழுத்தி நடக்கிறார்கள். அழுத்தம்தான் திசுவைக் கொல்கிறது. வலி என்பது உடம்பின் அலாரம். அலாரம் போன ஆலை என்ன ஆகும் என்று நமக்குச் சொல்லவா வேண்டும்? சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி மரத்துப்போனவர்களுக்கு எம்.சி.ஆர். செருப்பு போடச் சொல்கிறார்களே, பாரத்தைப் பரப்பிக் கொடுக்கும் அந்த யோசனைக்கும் இந்தத் தொழுநோய்ச் சிகிச்சைதான் தாய்வீடு.

அவரிடம் வேலை பார்த்தவர்களில் ஒருவர் டாக்டர் மேரி வர்கீஸ். 1925-இல் கொச்சியில் பிறந்து, வேலூரிலேயே மருத்துவம் படித்தவர். 1954 ஜனவரி 30-ஆம் தேதி சக டாக்டர்களுடன் போன வண்டி கவிழ்ந்தது. முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வும் அசைவும் போயின. வயது இருபத்தெட்டு. அதோடு எல்லாம் முடிந்தது என்று நினைக்க அன்றைய இந்தியாவில் எல்லா நியாயமும் இருந்தது. முதுகுத்தண்டு அடிபட்டவர்களை மறுவாழ்வுக்குத் தயார் செய்ய இங்கே தனி நிலையமே இல்லை.

பிராண்ட் ஒரு வழி சொன்னார். கை அறுவையை உட்கார்ந்தபடியே செய்யலாமே! மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் அமர்ந்து, தொழுநோயால் மடங்கிய விரல்களை நிமிர்த்தும் அறுவைகளைச் செய்யத் தொடங்கினார். கால் இழந்தவர் கை கொடுத்தார். பிறகு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் தானே நோயாளியாக இருந்து, சுயமாக வாழப் பயிற்சி பெற்றார். நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க் என்னும் நிபுணரிடம் மறுவாழ்வு மருத்துவம் கற்றார். 1960-களின் தொடக்கத்தில் வேலூர் திரும்பி அந்தத் துறைக்கே தலைவரானார். 1966-இல் பாகாயத்தில் உள்நோயாளிகளுக்கான மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. இந்தியாவில் அவ்வகையில் அதுவே முதல். 1972-இல் பத்மஸ்ரீ. 1986-இல் மறைந்தார். அந்த நிலையம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அங்கே சொல்லித் தரப்படுவது என்ன? எப்படிப் புரள்வது, எப்படி நாற்காலியில் இருந்தபடி கையை ஊன்றி உடம்பைத் தூக்கி அழுத்தத்தை விடுவிப்பது, கண்ணாடி வைத்துத் தன் தோலைத் தானே தினமும் சோதிப்பது, சிறுநீர்ப்பையைச் சுத்தமாக வைப்பது, மறுபடி ஒரு தொழில் செய்வது. கேட்கச் சின்ன விஷயங்கள். ஆனால் இவைதான் உயிரைக் காக்கின்றன.

ஆய்க்குடியில் ஒரு என்ஜினியரிங் மாணவர்

இந்தக் கடைசிக் கதை நம் தம்பிகளுக்காக. எஸ். ராமகிருஷ்ணன் கோவையில் நான்காம் ஆண்டு பொறியியல் படித்துக்கொண்டிருந்தவர். 1975 ஜனவரியில் கடற்படை அதிகாரித் தேர்வுக்காகப் பெங்களூர் போனார். உடற்திறன் சோதனையின்போது கீழே விழுந்து கழுத்தெலும்பு அடிபட்டு, கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். புனே ராணுவ மருத்துவமனையில் அவரைத் தேற்றியவர் டாக்டர் அமர்ஜித் சிங் சஹல். ஊர் திரும்பிய ராமகிருஷ்ணன், தென்காசிக்கு அருகே தம் ஆய்க்குடியில், உலக ஊனமுற்றோர் ஆண்டான 1981-இல், அந்த டாக்டர் பெயரிலேயே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தசைச்சிதைவு நோயுள்ள ஆடிட்டர் சங்கரராமன் 1992-இல் அவரோடு சேர்ந்தார். பள்ளி, பயிற்சி, முதுகுத்தண்டு மறுவாழ்வு என்று அது பரந்து விரிந்தது. 2020-ஆம் ஆண்டுக்கான பத்மஸ்ரீ ராமகிருஷ்ணனுக்கு அறிவிக்கப்பட்டது. படிப்பு முடியும் முன்பே நின்றுபோன ஒரு பொறியாளரின் ப்ராஜெக்ட் எவ்வளவு பெரிதாகிவிட்டது பாருங்கள்!

நாம் என்ன செய்யலாம்?

2024 அக்டோபர் 11 இரவு நம் கவரைப்பேட்டை ஸ்டேஷன் பெயர் நாடு முழுக்க ஒலித்தது. மைசூரிலிருந்து தர்பங்கா போன பாக்மதி எக்ஸ்பிரஸ், லூப் லைனில் நின்ற சரக்கு ரயில்மீது மோதித் தடம்புரண்டது. பலர் காயமடைந்தார்கள்; நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை. ரயில் பாதை ஒருபுறம், ஜி.என்.டி. ரோடு ஒருபுறம், சிப்காட் இன்னொருபுறம். விபத்து நம் வாசலில்தான் குடியிருக்கிறது. அதனால் சில விஷயங்களை மனதில் பதிய வையுங்கள்.

ஒன்று: கழுத்திலோ முதுகிலோ அடிபட்டவரைத் தீ போன்ற உடனடி ஆபத்து இருந்தாலொழிய நகர்த்தாதீர்கள். கையைப் பிடித்து இழுப்பது, உட்கார வைப்பது, ஆட்டோவில் மடக்கிப் போடுவது எல்லாம் தண்டுவடத்தை அறுத்துவிடக்கூடும். தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு, 108 வரும்வரை பொறுங்கள். நகர்த்தியே தீர வேண்டும் என்றால் நாலைந்து பேர் சேர்ந்து, கட்டையை உருட்டுவதுபோல, தலையும் முதுகும் ஒரே கோட்டில் இருக்கும்படி புரட்டுங்கள்.

இரண்டு: மெஷினிலோ இடிபாட்டிலோ நெடுநேரம் சிக்கிக் கிடந்தவரை மீட்டால், எத்தனை மணி நேரம் சிக்கியிருந்தார் என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அவர் நன்றாகப் பேசுகிறார் என்பதற்காக வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள்.

மூன்று: வீட்டில் படுக்கையில் இருப்பவரை இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டுங்கள். சுவரில் ஒரு சார்ட் ஒட்டிப் பேனாவில் டிக் போடுங்கள். இடுப்பு, குதிகால், முழங்கை ஆகிய இடங்களைத் தினமும் பாருங்கள். இழுக்காமல் தூக்கி நகர்த்துங்கள். சிவந்த இடத்தைத் தேய்க்காதீர்கள். தண்ணீர் கேட்காவிட்டாலும் கொடுங்கள், வயதானவர்களுக்குத் தாகம் குறைவாகத்தான் தெரியும். டாக்டர் சரி என்ற அன்றே உட்கார வையுங்கள், நிற்க வையுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தரும் ஏற்பாடும் சேர்க்கப்பட்டது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.

நான்கு: இது இன்றைய மாணவர்களுக்கு. பைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடி அலைகிறீர்களே! மெத்தைக்கு அடியில் சென்சார் வைத்து, ஒரே இடத்தில் எவ்வளவு நேரம் அழுத்தம் இருக்கிறது என்று காட்டும் கருவியைச் சாதாரணக் குடும்பம் வாங்கும் விலையில் செய்து காட்டுங்கள். மாட்டர், ப்ளூயிட், பிரஷர் எல்லாம் நம் சிலபஸ்தானே! முன்னாள் மாணவர் சங்கம் அதற்குக் கொஞ்சம் கை கொடுத்தால், மலரில் அச்சாகும் என் கட்டுரையைவிட அது பல வீடுகளுக்குப் பயன்படும்.

ஓஷானஸி, லட்டா, மஹலானபீஸ், குட்மன், மேரி வர்கீஸ், ராமகிருஷ்ணன். இவர்களில் யாரும் பெரிய மெஷினைக் கண்டுபிடிக்கவில்லை. உப்புநீர், இரண்டு மணிக்கு ஒரு புரட்டல், ஒரு சக்கர நாற்காலி. இவ்வளவுதான் அவர்களுடைய கருவிகள். ஆனால் உடம்பு எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொண்டு, அதை ஒருநாள்கூட விடாமல் செய்தார்கள். மெயின்டெனன்ஸ் என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

ஓடுகிற நீர் தேங்காது, ஆடுகிற கால் இறுகாது. விழா மேடையில் பேச்சு நீண்டுகொண்டே போனால் எழுந்து ஒரு சுற்று நடந்துவிட்டு வாருங்கள். கேன்டீன் பக்கம் சந்திப்போம். மோர் குடிக்கலாம், உப்புப் போட்டு!

வாழ்க நம் நட்பு! வளர்க நம் கல்லூரி!